பிரேக்கக்கா வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

டிப்போவில் அவளை எல்லோரும் பிரேக்கக்கா என்றே கூப்பிடுவார்கள். அவள் ஓட்டும் நகரப் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமலே நிற்கலாம். அத்தனை பதமாக பிரேக் மிதிப்பாள். அப்படிப்பட்டவள், நிறுத்தி வைத்திருந்த பேருந்தின் படியில் வழுக்கி வலது கணுக்காலை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்த டாக்டர், எலும்பு கூடும்வரை பெடல் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார்.

முதல் வாரம் நன்றாகத் தூங்கினாள். அதற்கப்புறம் கணவன் பாடு திண்டாட்டமானது. ஏசி மெக்கானிக்கான அவன் பைக்கைக் கிளப்பினால் ஜன்னலிலிருந்தே குரல் வரும். "கியரை மாத்துங்க! வண்டி அழுவுது!"

அவளுடைய அண்ணன்தான் வழி சொன்னான். அவர்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு உயிர் கொடுத்தவன் அவன். "பஸ் ஓட்டுற கேம் ஒண்ணு லினக்ஸ்லயே ஓடுது. ஆனா படம் திக்காம ஓட நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும்" என்றான்.

கணவனுக்குப் பொறுக்குமா? மறுநாளே தெரிந்தவரிடமிருந்து மூன்று விசிறி, கலர் விளக்கு என்று ஜொலிக்கும் பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கி வந்தான். செங்கல் நீளம் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையவே இல்லை.

"என்னங்க, அளந்து பாக்காம வாங்கிட்டு வந்துட்டீங்களே! ஜன்னல் அளவு பாக்காமயா ஏசி மாட்டுறீங்க?"

அன்றைக்கே அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

பிறகு அவளே இறங்கினாள். கட்டிலில் கிடந்தபடி போனில் தேடித் தேடிப் படித்தாள். எந்தக் கார்டுக்கு அதை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது, எதற்குத் தனியாகப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும், தன் பெட்டியின் பவர் சப்ளை எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு, ஊன்றுகோலோடு கடைக்குப் போனாள்.

"எதுக்குக்கா இவ்ளோ யோசனை? விண்டோஸ் போட்டுட்டா எந்தக் கார்டும் ஓடும்" என்றான் கடைக்காரன்.

"பஸ்ஸு சரியில்லன்னா ரோட்டையே மாத்தச் சொல்றீங்களே தம்பி!"

ஒற்றை விசிறி வைத்த சின்னக் கார்டு ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னாள்.

கணவன் அதை மாட்டி ஸ்விட்சைப் போட்டான். திரை கறுப்பாகவே கிடந்தது. "போச்சு!" என்று தலையில் கை வைத்தான். அவள் குனிந்து பெட்டியின் பின்பக்கம் பார்த்தாள். "மானிட்டர் ஒயரைப் பழைய இடத்துலயே சொருகி வச்சிருக்கீங்க. கார்டுல சொருகுங்க."

திரையில் வெளிச்சம் வந்தது.

கேமில் முதல் நிறுத்தம் நெருங்கியபோது அவள் விரல் பிரேக் விசையை அழுத்தியது. கூடவே மேசைக்கடியில் வலது காலும் தானாகத் தரையை அழுத்தியது. சுரீரென்று வலித்தது. ஆனால் பாதம் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது. இனி ஓட்டவே முடியாதோ என்று இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் கனத்துக்கொண்டிருந்த பயம் லேசானது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாச்சு?" என்று பதறினான் கணவன்.

"ஒண்ணுமில்ல. ஆளு ஏறுறாங்க, இருங்க."

எலும்பு கூடியதும் டாக்டர் சரியென்றார். அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது அந்தக் கேம் கணவன் வசம். வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழையும்போது, அவன் ஓட்டும் பேருந்து ஏதாவதொரு மரத்தில் மோதி நிற்கும். பார்க்கச் சகிக்காமல் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள்.