கற்பூரம் அடித்துக் காத்த சரிவு

என் பெரிய பேரன் வேலூரில் போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்துவிட்டான். பேத்தி எட்டாவது தேறி, வாத்தியாரம்மா படிப்புக்குப் போகிறாள். சின்னவன் ஆம்பூர்த் தோல் மண்டியில் மேஸ்திரி. நான் பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிவிட்ட என் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு இளகியிருந்த வாரத்தில்தான், அவர் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னான்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊர் மலைச்சரிவும் தெரியும். விறகுக்கும் பட்டைக்கும் வெட்டி அதை மொட்டையாக்கியதில், அடியிலிருந்த கிணறு வற்றியது. நாட்டாமையாக இருந்த அண்ணன் ஊரைக் கூட்டினார். இனி ஆடு ஏற்றுவதில்லை, கத்தி வைப்பதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம். முதலில் அடித்தவர் அவர். நான் என் ஆடுகளையெல்லாம் வாணியம்பாடிச் சந்தைக்கு ஓட்டிவிட்டேன்.

மழை பெய்து வெறும் புல்தான் வந்தது.

“இன்னாண்ணா, இந்தப் புல்லுக்கா என் ஆட்டை ஓட்டச் சொன்னே?”

அண்ணன் சிரித்தார். “இரும்மா. புல்லு மண்ணைப் புடிச்சுக்கும். அப்புறம் ஆவாரை வந்து நெழல் குடுக்கும். மரம்லாம் சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி. எல்லாம் சரிபண்ணி வெச்சாத்தான் வரும்.”

சொன்னபடியே நடந்தது. ஆவாரை மஞ்சளாகப் பூத்தது. அதன் நிழலில் இலந்தை முளைத்தது. முள்ளுக்குள், காக்கை போட்ட கொட்டையிலிருந்து வேப்பங்கன்றுகள் எழுந்தன. கிணற்றிலும் ஊறல் கண்டது.

மகள் பிரசவத்துக்குப் போய்த் திரும்பினேன். சரிவில் கடப்பாரைச் சத்தம். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டுமென்று, செடிகளை வேரோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அனுமதித்தவர் அண்ணன்.

“மண்டிக்காரருக்கு வாக்கு குடுத்துட்டேன்மா.”

“எங்களுக்குக் குடுத்தது இன்னாண்ணா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆவாரைதானே போச்சு. மரத்தைத் தொடலியே.”

நிழல் போன கன்றுகள் அந்தக் கோடையிலேயே கருகின. கிணறு மறுபடி வற்றியது. வேர் போன மண் மழைக்கு மழை கரைந்து, சரிவு இத்தனை வருஷமும் மொட்டையாகவே கிடந்தது. ஊரே அவரைத் திட்டியது. என்னை அறுத்தது அந்த ‘ஆவாரைதானே’. தெரியாதவர் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது சரிவில் ஒரு ஆடு ஏறிக்கொண்டிருந்தது. விரட்டினேன். ஆட்டுக்காரி, “நாட்டாமையே பூட்டாரு, இன்னும் யாருக்கு ஆயா பயப்படணும்?” என்றாள்.

“பயம் இல்லடி. நானும் கற்பூரம் அடிச்சிருக்கேன்.”

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சத்தியம்தான். அவர் கைவிட்டார், நான் விடவில்லை.

பெரிய பேரனே, என் அண்ணன் படத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றாயாம். வேண்டாம். இந்த மழைக்குப் பிறகு வந்து சரிவைப் புதிதாக ஒரு படம் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பு. அதில் புல் மட்டும்தான் தெரியும். முதலில் வருவது அதுதான் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். மறந்தவரும் அவர்தான்.