கட்டைவிரலுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு

கண்ணாடிப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கீழே இடது மூலையில் ஒட்டியிருக்கும் வட்டமான வெள்ளைக் காகிதத்தைத் தேடுகிறார் ஆசீர்வாதம் சார். கண்டதும் படத்தைத் தலைகீழாக்குகிறார். பொட்டு இப்போது மேலே வந்து வலது கட்டைவிரலுக்கு அடியில் நிற்கிறது. அப்படியே, சுவரில் படம் காட்டும் மேஜிக் லாந்தருக்குள் செருகப் போனவர் கையை நிறுத்தி, திரும்பவும் ஜன்னலுக்கு வருகிறார்.

"சார், பொட்டு காணாப் பூட்ச்சா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"இருக்குல்லா. இருக்கான்னு பாக்கியேன்," என்கிறார், மூடின கண்ணைத் திறக்காமலே.

அவர் சொன்ன பிறகுதான் பியூன் அப்பாவு கடைசி ஜன்னலிலும் சாக்கை மாட்டுவார். ராயபுரத்தில் கறுப்புத் திரைக்குப் பஞ்சம் உண்டு, சாக்குக்குக் கிடையாது. "மொளகா சாக்குதான் கெட்ச்சுது சார். கொஞ்சம் கலீஜாத்தான் கீது," என்பார் அப்பாவு. வகுப்பே தும்மும். தும்மல் அடங்கியதும் விளக்கு எரியும். சார் தம் கையாலேயே சுண்ணாம்பு அடித்து, நீலம் கலந்து வைத்திருக்கும் சுவரில் ஒரு காந்தம் தெரியும். வடமுனை சிவப்பு, தென்முனை நீலம், நடுவே ஒரு கம்பி. படத்தில் எழுத்து எதுவும் இராது. சுவரில் படம் விழுந்த இடத்திலேயே சாக்கட்டியால் தமிழில் பெயர்களை எழுதுவார். கொருக்குப்பேட்டை யார்டுக்குக் கூட்ஸ் வண்டி போனால் சுவர் அதிரும், காந்தம் நடுங்கும். சார் பேச்சை நிறுத்திவிடுவார். "போவட்டும்டே. காந்தத்துக்குக் குளிருது."

சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். இத்தனை வருஷம் கடற்காற்றில் இருந்தும் பேச்சில் அந்த ஊர் மண் உதிரவில்லை. வெயில் எப்படி அடித்தாலும் வெள்ளைக் கோட்டு போடுவார். கோட்டின் வலது பாக்கெட் மட்டும் தொங்கிப் போயிருக்கும். மின்சாரமும் காந்தமும் நடத்துகிற நாட்களில், படத்தைச் செருகி, பெயர்களை எழுதி முடித்ததும் வலது கையை அந்தப் பாக்கெட்டுக்குள் விட்டுவிடுவார். மணி அடிக்கும்வரை வெளியே எடுக்கமாட்டார். சுட்டுவிரல் காந்தத்துக்கு, நடுவிரல் மின்சாரத்துக்கு, கட்டைவிரல் கம்பி துள்ளும் பக்கத்துக்கு என்று இடது கையின் மூன்று விரல்களை மூன்று பக்கமும் நீட்டி, ஒவ்வொரு பெஞ்சாகக் கொண்டுபோய்க் காட்டுவார். பையன்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பாக்கெட் சார்'.

ஜூன் மாதத்தில் இன்னொரு வேலை உண்டு. பழைய புத்தகம் வாங்கி வந்திருக்கும் பையன்களை எழுந்து நிற்கச் சொல்லி, மோட்டார் பற்றிய பக்கத்தைப் பிரிக்கச் சொல்வார். சில பிரதிகளில் 'இடக்கை' என்ற அச்சு சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'வலக்கை' என்று எழுதியிருக்கும். அதை அவரே அடித்துத் திருத்திக் கொடுப்பார். "யாரு சார் இப்டி கிறுக்கி வெச்சது?" என்று ஒருவன் கேட்டான். "ஒரு மடையன்," என்றார் சார். வகுப்பு சிரித்தது. எழுதச் சொன்னவர் அவர்தான்.

காலேஜில் அவர் படித்தது கணக்கு. பௌதிகத்துக்கு ஆள் இல்லாமல் போனதால் அந்தப் பாடம் அவர் தலையில் விழுந்தது. தாமே படித்து, தாமே புரிந்துகொண்டு நடத்தினார். உயர் வகுப்புகளில் இங்கிலீஷ் போய்த் தமிழ் வந்த புதிது அது. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கு மேஜிக் லாந்தரும், சீமையில் செய்த ஒரு பெட்டிக் கண்ணாடிப் படங்களும் வந்தன. படங்களில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. சார் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தின் ஓரத்துக் கறுப்பு நாடாவையும் உரித்தார். இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து, எழுத்துகளைப் பிளேடால் சுரண்டி, புது நாடா ஒட்டினார். பழைய நாடாவோடு மூலையில் இருந்த வெள்ளைக் காகிதப் பொட்டும் போயிற்று. அதை ஏதோ கடைக்காரன் ஒட்டிய சீட்டு என்று நினைத்தார். படத்தின் முகம் எது, முதுகு எது என்று காட்ட இருந்த ஒரே அடையாளம் அது.

அந்த வருஷம் முதல் தடவையாக மோட்டார் பாடம் நடத்தியபோது படம் புறம் மாறி விளக்குக்குள் போயிற்று. எழுத்து இருந்திருந்தால் கண்ணாடியில் பார்த்ததுபோல் தெரிந்து காட்டிக் கொடுத்திருக்கும். எழுத்துதான் இல்லையே. இடப்பக்கம் இருக்கவேண்டிய சிவப்பு வலப்பக்கம் விழுந்தது. சார் இடது கையை நீட்டிப் பார்த்தார். கட்டைவிரல் கீழே காட்டியது. படத்தில் கம்பி மேலே எழும்புவதாக அம்புக்குறி இருந்தது. வலது கையை நீட்டினார். எல்லாம் பொருந்தியது.

புத்தகத்தில் 'இடக்கை' என்றுதான் இருந்தது. ஆனால் புதுத் தமிழ்ப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அச்சுப் பிழை. 'வெப்பம்' என்று வரவேண்டிய இடத்தில் 'குளிர்' என்று இருந்ததை அதற்கு முந்தின வாரம்தான் எல்லாருமாகத் திருத்தியிருந்தார்கள். சீமைப் படம் பொய் சொல்லுமா? அடிக்கச் சொன்னார். அடித்தார்கள்.

ஒரு பையன் மட்டும் அடிக்கவில்லை. இக்னேஷியஸ் என்று பெயர். அப்பா துறைமுகத்தில் கூலி. "சார், புக்குல இடதுன்னு கீதே சார்," என்று இடது கையைத் தூக்கினான். அந்தக் கையை நீட்டச் சொல்லி, ரூல்தடியின் விளிம்பால் விரல் முட்டியில் ஒன்று வைத்தார் சார். "புஸ்தகத்த நம்புதியாலே, கண்ண நம்புதியா?"

அந்த வருஷப் பரீட்சையில் மோட்டார் கேள்வி வந்தது. சார் விடைத்தாள் திருத்தப் போன இடத்தில், பக்கத்து மேஜைக்காரர் ஒரு விடைத்தாள் கட்டைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பள்ளிக்கூடம் முழுக்க மோட்டார் பின்னாலயே ஓடுதுய்யா! எந்த மகராசன் சொல்லிக் குடுத்தானோ!" அறையே சிரித்தது.

பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது சார் எப்போதும் இங்கேதான் நிற்பார். "நானும் சிரிச்சேன் வே. எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சேன். தப்புப் பண்ணது ஒரு பக்கம் கெடக்கட்டும். அந்தச் சிரிப்பு எங்கேருந்து வந்துச்சு?"

திரும்பி வந்து, பூட்டின பள்ளியைத் திறக்கச் சொல்லி, படத்தை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு குதிரைலாடக் காந்தமும் பாட்டரியும் வாங்கி, கம்பியில் மின்சாரம் விட்டுப் பார்த்தார். கம்பி ஒரு நொடியில் துள்ளி உண்மையைச் சொல்லிவிட்டது. படத்தின் சரியான மூலையில் புதுப் பொட்டு வெட்டி ஒட்டினார். "படம் வரதுக்கு முந்தி மத்த பாடமெல்லாம் செஞ்சுதான் காட்டுவேன். படம் வந்ததும் செஞ்சு பாக்கதயே விட்டுட்டேன்." இப்போது படம் முடிந்ததும் சாக்கை இறக்கச் சொல்லி, மேஜைமேல் அந்தக் கம்பியை இடது கையாலேயே துள்ளவிட்டுக் காட்டாமல் வகுப்பை விடுவதில்லை.

அடுத்த வருஷ வகுப்புக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் தப்பாகப் படித்தவர்கள் போய்விட்டார்கள். இக்னேஷியஸுக்கு விஞ்ஞானத்தில் மார்க்கு கொஞ்சத்தில் தவறியது. பட்டறையில் பயிற்சிக்கு எடுப்பதாக இருந்தவர்கள் எடுக்கவில்லை. தகப்பனாரோடு அவனும் துறைமுகத்துக்குப் போய், கிரேன் கொக்கியில் சரக்கு மாட்டும் வேலையில் சேர்ந்தான். அந்த ஒரு கேள்விதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. சார் சொல்வார்.

தெருவில் கண்டுவிட்டால் இக்னேஷியஸ் விடமாட்டான். கூட இருக்கும் தோஸ்துகளை நிறுத்தி, "நம்ம சாருடா! சுவத்துல படம் காட்டிப் பாடம் எடுப்பாரு, ராஜா மாரி! என் மண்டைலதான் ஏறல," என்பான். சார் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவார். இப்போதெல்லாம் மீன் வாங்கக்கூடத் துறைமுகக் கேட்டுப் பக்கம் போவதில்லை. "இங்கன இருக்க மீனுக்கு ஊரச் சுத்திப் போறிய, எதுக்குன்னு கேட்டா நடந்தா ஒடம்புக்கு நல்லதாம்," என்கிறார் அவர் மனைவி ஞானசெல்வி. அவருக்கும் விஷயம் தெரியாது.

போன சனிக்கிழமை அப்பாவு சாக்குகளை உதறி மடிக்கக் கூப்பிட்டார் என்று சாரோடு நானும் பள்ளிக்குப் போயிருந்தேன். அரைக்கால் காக்கி டிராயரும் கீல் ஒட்டின பனியனுமாக இக்னேஷியஸ் வாசலில் வந்து நின்றான்.

"சார், கிரேன் ஓட்ற வேலைக்கு ஆள் எடுக்குறாங்கோ. எங்காளுங்களுக்கே ஒரு பரீச்ச வெக்கிறாங்கோ. வாயாலதான் கேப்பாங்களாம். மோட்டார் எப்டி சுத்துதுன்னு கேட்டா இன்னா சொல்றது? அந்தக் கை சமாச்சாரம் மட்டும் இன்னொருக்கா சொல்லிக் குடுங்க சார்." அவனே வலது கையைத் தூக்கி விரல்களை நீட்டினான். "இந்தக் கைதானே சார்? அட்ச்சிச் சொன்னீங்க, மறக்குமா?"

சார் அப்பாவு பக்கம் திரும்பினார். சாக்கை மாட்டச் சொன்னார். நாங்கள் மடித்து வைத்த சாக்குகளைத் திரும்ப மாட்டினோம். விளக்கு எரிந்தது. பொட்டைத் தேடி, படத்தைச் செருகினார். சிவப்பு இடப்பக்கம் விழுந்தது. அதை எடுத்துப் புறம் மாற்றிச் செருகினார். சிவப்பு வலப்பக்கம் போயிற்று.

"அன்னைக்கு ஒனக்கு நான் காட்டுனது இது," என்றார். "படத்தத் திருப்பிப் போட்டுட்டேன். புஸ்தகத்துல சரியாத்தான் இருந்துச்சு."

சாக்கை இறக்கச் சொல்லி, மேஜைமேல் காந்தத்தை வைத்துக் கம்பியைத் துள்ளவிட்டார். இக்னேஷியஸ் குனிந்து, வலது கையை வைத்துப் பார்த்தான். பிறகு இடது கையை வைத்துப் பார்த்தான். இன்னொரு தரம் கம்பியைத் துள்ளவிடச் சொன்னான். பிறகுதான் நிமிர்ந்தான். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். சாரும் அதற்குத் தயாராகத்தான் நின்றார்.

"அப்ப... அன்னிக்கு நா கரெக்டா சொன்னனா சார்?"

"நீ சொன்னதுதாம்லே சரி."

"அய்ய!" அவன் முகம் முழுக்கப் பல்லாகிவிட்டது. "அப்பாவண்ணே, கேட்டியா? நா கரெக்டா சொல்லிகீறேன்! எங்கம்மா இன்னும் மக்கு, மக்குன்னுதான் கூப்ட்டுகினு கீது!"

"வூட்டாண்ட போய்ச் சொல்லு நைனா," என்றார் அப்பாவு. பிறகு, அடக்க முடியாமல், "அந்தப் பட்டறை வேலை பூட்ச்சே, அது?" என்றார்.

"அது கெடக்குது, வுடுண்ணே. நா கரெக்டு, அத்தச் சொல்லு!"

சார் இடது கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இதை எழுதட்டுமா என்று அன்று மாலை நான் கேட்டபோது, "எம் பேரப் போட்டே எழுதும். சிரிச்சதயும் போடும்," என்றார்.

இக்னேஷியஸ் புறப்பட்டான். "லே," என்று கூப்பிட்டார் சார். "அந்தக் கைய நீட்டு."

எந்தக் கை என்று அவன் கேட்கவில்லை. இடது கையை நீட்டினான், முட்டி மேலே தெரியும்படி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. வகுப்பில் நீட்டிய பழக்கம். சாரின் வலது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. அன்று அடித்த முட்டியைத் தேடி அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவில்லை.