நான் சொல்லாத ஆமென்

போன வாரம் பழவேற்காட்டுக்குப் படகில் போய்க்கொண்டிருந்தேன். மூத்த மகள் எஸ்தர் கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறாள், பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டிவர வேண்டும். எனக்கு எதிரே ஒரு மீன்கார அம்மாள். காலிக் கூடையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீ டீச்சரு பொண்ணோட அம்மாதானே?"

"நானும் டீச்சர்தாம்மா" என்றேன்.

"ஆங்... அத்தத்தான் நானும் சொன்னேன். டீச்சரோட அம்மா."

திரும்பி ஏரியைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் திட்டில், ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறோம். என் கணவர் அங்கே ஊழியர். ஓலைக் கூரை போட்ட சின்ன சபை ஒன்றை நடத்துகிறார். எங்களுக்கு எட்டுப் பிள்ளைகள். ஆமாம், எட்டு! எண்ணிக்கையைக் கேட்டதும் நீங்கள் புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது.

பள்ளிக்கூடம் ஏரிக்கு அக்கரையில். காற்று வாகாக இருந்தால் படகு வரும், இல்லாவிட்டால் வராது. பிள்ளைகளை மெட்ராஸில் ஹாஸ்டலில் விட எனக்கு மனசு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெரம்பூரில் டீச்சராக இருந்தவள் நான். வீட்டையே பள்ளிக்கூடமாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆக்கினேன். காலையில் ஜெபம், கஞ்சி, பிறகு வகுப்பு. எஸ்தர் வீட்டிலேயே படித்து, தனியாகப் பரீட்சை எழுதி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். முழுக்க என் கையால் ஆன பெண். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

இந்த வருஷ ஆரம்பத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மெட்ராஸில் தங்கை வீட்டுக்குப் போய் உப்பில்லாத சோறும் கீழாநெல்லியுமாக இரண்டு மாதம் படுத்துக் கிடந்தேன். வகுப்பு எஸ்தர் கைக்குப் போயிற்று.

திரும்பி வந்த அன்று படகை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு வாசலில், மணலில், என் பிள்ளைகளோடு குப்பத்துப் பிள்ளைகளும் ஒரு பெரும் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எஸ்தர். ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். அந்தப் பாடு முறையை வைத்து வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நம்ம பாடுன்னா, மறுபடி நமக்கு எப்போ வரும்?" பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கத்தினார்கள். என் மகன் சாமுவேலும் கத்தினான். கணக்கு என்றாலே வயிற்றுவலி வருகிற அதே சாமுவேல்!

கடைக்குட்டி ரூபி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "இன்னாம்மா, நல்லாக்கீறியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த "இன்னா" என் பிள்ளைகள் வாயில் ஒட்டக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பு எடுத்தேன். எஸ்தர் கதவைத் திறந்தது மட்டுமல்ல, வகுப்பையே வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு வரியாவது ஜெபிக்க வேண்டும். ரூபியின் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, அம்மாவ நல்லாக்குனதுக்கு ஸ்தோத்திரம். ஆனா அம்மா இன்னும் ரெஸ்ட் எடுக்கட்டும். ரொம்ப நாள் எடுக்கட்டும். எஸ்தர் அக்காவே எங்களுக்கு டீச்சரா இருக்கட்டும். ஆமென்."

"ஆமென்!" — அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில். இவரும் சொன்னார். ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்லிவிடுவார், என்ன ஜெபம் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

நான் சொல்லவில்லை.

மறுநாளே வகுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். உள்ளே, பாயில், கதவைச் சாத்திக்கொண்டு. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தார்கள். அந்த ஒழுங்குதான் உறுத்தியது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் சாமுவேல் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நழுவினான். அங்கே எஸ்தர் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்போதுதான் நடத்திய கணக்கை அவளிடம் கேட்டான். சோப்புக் கையோடே குனிந்து பார்த்தவள், "அம்மா சொன்னதும் சரிதான்டா" என்றாள்.

சொன்னதும்! சொன்னது இல்லையாம்... சொன்னதும். ஒரு "உம்" இத்தனை வலிக்கும் என்று எந்த இலக்கணத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பெற்ற மகள்மேல் பொறாமையா என்று கேட்பீர்கள். அண்டை வீட்டுக்காரி நல்ல புடவை கட்டினால் வருகிற பொறாமையைச் சமாளித்துவிடலாம். அவள் அந்தண்டை போனதும் அதுவும் போய்விடும். இது என் தட்டிலேயே சாப்பிட்டு, என் பாயிலேயே படுத்து, காலையில் "காபி போடட்டுமாம்மா" என்று கேட்கிறது. அந்தக் காபியும் என் காபியைவிட நன்றாக இருக்கிறது!

இப்படி இருக்கும்போது ஒரு நாள் குப்பத்துத் தலைவர் இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கூடை எறா. அங்கே இறாலை அப்படித்தான் சொல்வார்கள்.

"டீச்சரம்மாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உக்காருங்க, சொல்லுங்க" என்றேன்.

தலைவர் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வூட்ல இல்லியா?"

"யாரு?"

"அதாம்மா, எஸ்தரு பொண்ணு."

எஸ்தர் அடுப்படியிலிருந்து வந்தாள். தலைவர் அவளைப் பார்த்துப் பேசினார். "புள்ளைங்க ராவும் பகலும் ஒன் பேச்சுதாம்மா பேசிக்கினு கீதுங்க. அம்மன் கோயிலாண்ட கொட்டாய் ஒண்ணு போட்டுத் தரோம். தெனிக்கும் வந்து சொல்லிக் குடு. பாஸ்டரு இன்னா சொல்றாரு?"

இவர் சிரித்தார். "கோயில் பக்கத்துல உக்காந்தா அ-ஆ வராதா என்ன? நடத்தட்டும்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "அம்மாவே நல்லா சொல்லித் தருவாங்க, தலைவரே. என்னைவிட அனுபவம் அவங்களுக்கு."

தலைவர் தலையைச் சொறிந்தார். "அவங்க கதவ சாத்திக்குவாங்களேம்மா..."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம். பாவம், அவர் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார்.

அன்று பொழுது சாய்வதற்குள் இவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "எஸ்தரை டீச்சர் ட்ரெய்னிங் அனுப்பலாங்க."

பத்தாவது பாஸான நாளிலிருந்து அவள் ட்ரெய்னிங் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் குறுக்கே நின்றேன். "எட்டுப் பிள்ளைங்க வீட்ல நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்" என்பேன். இவரும் வற்புறுத்தவில்லை. இப்போது நானே வாயைத் திறந்து சொன்னதும் அவர் கண்கள் கலங்கிவிட்டன. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்காக நான் எத்தனை நாள் ஜெபம் பண்ணியிருக்கேன் தெரியுமா ஜெயா? ஆண்டவர் உன் மனசைத் தொட்டுட்டார்."

ஆண்டவர் தொட்டாரா? தலைவர் குத்தினார், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் இதை எப்படிச் சொல்வது?

இவர் அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டு வேலைக்குக் கைகொடுக்கிற மூத்த மகளை, தன் கஷ்டத்தைப் பார்க்காமல் அனுப்புகிற தாய் என்றார். பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்!

குப்பத்தில்தான் யாருக்கும் இது பிடிக்கவில்லை. தலைவர் மறுபடி வந்தார். "படிச்சிட்டு வரட்டும், நல்லதுதான். அதுவரிக்கும் புள்ளைங்களுக்கு யாரு?"

இவர் மோட்டுவளையைப் பார்த்தார். எஸ்தர் தரையைப் பார்த்தாள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

"நான் இருக்கேன்" என்றேன்.

தலைவர் யோசித்தார். "கொட்டாய்ல கதவு கெடையாதும்மா" என்றார் மெதுவாக.

"தெரியும்" என்றேன்.

எஸ்தரைக் கொண்டுபோய்ச் சேர்க்க நானும் அவளும் மட்டும் கிளம்பினோம். அவளுடைய தகரப் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில். பாதி ஏரியில் காற்று விழுந்துவிட்டது. படகுக்காரர் பாயை இறக்கிவிட்டுக் கழியை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்.

"அம்மா, நான் போறதுல உனக்கு சந்தோஷமா?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"இத்தனை நாளா வேணாம்னே. திடீர்னு சரின்னுட்டே."

நான் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவள் தண்ணீரில் கையை விட்டு அளைந்தபடியே சொன்னாள். "ரூபி அன்னிக்கு ஜெபம் பண்ணப்போ நீ ஆமென் சொல்லலை. நான் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்தப் பெண்ணுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"கோவமா எஸ்தர்?"

"கோவமா? நீ எதுக்காக அனுப்பினா எனக்கென்னம்மா? நான் போறேன்ல!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படகுக்காரர் எங்கள் இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வழியனுப்பப் போகிறவர்கள் அழுதுதான் பார்த்திருப்பார் போல.

அழுகையெல்லாம் ஹாஸ்டல் வாசலில் வந்தது. எனக்கு மட்டும். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று வழி முழுக்க என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தவள், உள்ளே போனதும் யாரோ இரண்டு பெண்களோடு பேச ஆரம்பித்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். பார்த்து அறிமுகமாகிக் கொஞ்ச நேரம்கூட ஆகாத அந்தப் பெண்கள்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வியாதிக்குக் கீழாநெல்லி கேட்காது!

கொட்டகையில் முதல் நாள் என் பிள்ளைகள் ஏழு பேர் மட்டும்தான். ஊர்ப் பிள்ளைகள் தூரத்தில் வலை காய்கிற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் கன்னியம்மா என்ற பெண் வந்தாள். இடுப்பில் தம்பி. அவன் முழு நேரமும் அழுதான். நான் வைத்திருந்த பாடத்தில் ஒரு வரிகூட நடக்கவில்லை. கடைசியில் அவனைக் கையில் வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, எனக்கு என் அம்மா சொன்ன கதை ஒன்றைச் சொன்னேன். அவன் தூங்கிவிட்டான். கதையைக் கேட்க வலைப் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள்.

அப்புறம் கதைதான். கூட்டலும் கதை, பூகோளமும் கதை. பெரம்பூரில் நான் இப்படி நடத்தியதே இல்லை. மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது எல்லாரையும் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டேன். ரூபியின் பேச்சை இனித் திருத்த முடியாது. போன மாதம் நானே இவரிடம் "இன்னாங்க" என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார்.

இந்த நிலைமையில்தான் எஸ்தர் லீவுக்கு வந்து இறங்கினாள். பெட்டி நிறையக் கலர் சார்ட்டுகள், வெட்டி ஒட்டிய அட்டைகள். வந்த மறுநாளே, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் நான் எடுக்கறேன்" என்றாள். கண்ணில் அப்படியொரு ஆசை. கொட்டகை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நன்றாகத்தான் நடத்தினாள். படம் காட்டினாள், அட்டையைத் தூக்கிக் காட்டினாள், கேள்வி கேட்டாள். பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். ஆனால் நடுநடுவே என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியம்மா நெளிந்தாள். கையைத் தூக்கினாள்.

"அக்கா... படம் நல்லாக்குது. டீச்சரம்மா எப்ப வந்து கதை சொல்லுவாங்க?"

எஸ்தர் சிரித்தபடியே, "இதோ, அம்மாவே வருவாங்க" என்றாள். சார்ட்டைச் சுருட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிச் சுருட்டினாள். கொட்டகையை விட்டு வெளியே போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

பெற்ற தாய்க்குத் தெரியாதா அது என்னவென்று? போய்த் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல வேண்டும். போனேன், சொன்னேன்.

கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனேன்!