என் வீட்டுக்காரரின் ஸ்காட்லாந்து வம்சம்

யுத்தம் முடிந்த 1918ஆம் வருஷம் ஊரெல்லாம் பரவிய விஷக் காய்ச்சலில் எங்கள் மகன் போய்விட்டான். நாலு வயது. ராயபுரத்தில் அந்த மழைக்காலத்தில் பிணம் போகாத தெரு இல்லை என்பதால் துக்கம் கேட்க வந்தவர்களும் அதிக நேரம் உட்காரவில்லை. காசிமேட்டுக் கல்லறையில் அவனை வைத்துவிட்டு வந்தபின் என் கணவர் பல நாள் வாய் திறக்கவில்லை. திறந்தபோது அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை.

"எங்க தாத்தாவோட நைனா எந்த ஊர்லேர்ந்து வந்தாருன்னு உனுக்கு எப்பனா சொல்லிக்கீறேனா?"

இல்லை என்றேன். அவருக்கே தெரியாததை எனக்கு எப்படிச் சொல்லியிருப்பார்?

அவர் வெள்ளைக்கார ரத்தம் கலந்த சட்டைக்காரர். ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பட்டறையிலும் கோயிலிலும் இங்கிலீஷ். வீட்டுக்குள் நுழைந்து தொப்பியைக் கழற்றினால் ராயபுரத்துத் தமிழ். மீன்காரியிடம் அவர் பேரம் பேசினால் நான் உள்ளே நின்று சிரிப்பேன். நான் திருவொற்றியூர்க் கிறிஸ்தவக் குடும்பம், மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழ் வாத்தியாரம்மா. ஒருவரையொருவர் விரும்பித்தான் கட்டிக்கொண்டோம். கல்யாணத்துக்கு அவர் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. என் பக்கத்தார் வந்தார்கள். மாப்பிள்ளை எப்போது கையால் சாப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டு இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கியதும் என் அம்மா சமாதானமாகிவிட்டாள்.

அவருடைய கொள்ளுத் தாத்தா கும்பினிப் பட்டாளத்தில் சிப்பாயாக ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். குடும்பத்தில் மிஞ்சியிருந்தது அந்தக் குலப்பெயரும், ஒரு ஜில்லாவின் பெயரும்தான். எங்கள் மகனை அடக்கம் செய்துவைத்த ஸ்காட்ச் பாதிரியாருக்குப் பழைய சாசனங்களில் பைத்தியம் உண்டு. அந்தக் குலப்பெயரைக் கேட்டதும், அதே ஜில்லாவில் நானூறு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் அதே பெயரில் நிலக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது, நம் ஊர் ஜமீன் மாதிரி, என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கணவர் பாதிரியாரின் வீட்டுக்குப் போய்விடுவார்.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். பட்டறையிலிருந்து வந்து கையில் இருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம புள்ள முன்னாடியும் யாரும் இல்லாம, பின்னாடியும் யாரும் இல்லாம பூட்டான். அவன் யார் வூட்டுப் புள்ளன்னு எங்கனா எழுதி வெக்கணும்" என்றார்.

அதைக் கேட்டபின் நான் தடுக்கவில்லை. தடுக்க மனம் வரவில்லை. சாயங்காலங்களில் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாதிரியார் ஸ்காட்லாந்திலிருந்து அச்சுப் புத்தகங்களை வரவழைத்துக் கொடுத்தார். ராஜா இன்னாருக்கு இன்ன நிலத்தைக் கொடுத்தார், தகப்பன் செத்தபின் மகன் பெயருக்கு அது மாறியது, இப்படிப் பக்கம் பக்கமாக. அந்த ஜனங்கள் நாலடி அகலச் சுவர் வைத்த கல் கோபுர வீட்டில் வாழ்ந்தார்களாம். கீழே மாடு, மேலே மனிதர்கள். தகப்பன், மகன், பேரன் எல்லோருக்கும் ஒரே பெயர். ஒரு சண்டையில் செத்தவர் அண்ணனா அண்ணன் மகனா என்று தெரியாமல் இவர் மாதக்கணக்கில் தவித்தார். இருவரையும் ஒருவர் என்று எடுத்துக்கொண்டு, ஒரு பையனுக்கு அவன் தகப்பன் பிறப்பதற்கு முன்னமே கல்யாணம் ஆகிவிட்டதாக எழுதி வைத்திருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிள்ளை போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. அந்த ஊரில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கள் தகப்பன் வீட்டுப் பெயரை விடுவதில்லை. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சேர்த்தே நிலத்தை எழுதிய சாசனங்களில் அவள் பெயர் முழுதாக இருக்கும். அவற்றை அவர் மெதுவாக, மரியாதையோடு வாசித்துக் காட்டுவார்.

வருஷங்கள் போயின. எங்களுக்கு வேறு பிள்ளை தங்கவில்லை. வம்சம் நீண்டுகொண்டே வந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அவர் வீட்டில் தமிழ் பேசுவது குறைந்தது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வந்தது. சாதத்துக்குக் கரண்டி கேட்டார். கடைசியில் பெரிய காகிதத்தில் வம்சக் கொடியை வரைந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். உச்சியில் கல் கோபுர வீட்டுக்காரர். கொடியின் அடியில் இவர் பெயர். இவர் பெயரிலிருந்து ஒரு கோடு இறங்கி, அதன் முனையில் என் பிள்ளையின் பெயர். நான் எங்கும் இல்லை.

கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். அவன் என் வயிற்றில் பிறக்காதவன் போல இருந்தது.

"என் பேரு?" என்று கேட்டேன்.

அப்பா வழி மட்டும்தான் வரைந்திருக்கிறேன் என்றார். மேலே அந்த அம்மாக்களின் பெயரெல்லாம் இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் நிலத்தோட வந்த பேரு" என்றார். என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அந்தக் கோபுர வீட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாள் கப்பலில் ரங்கூன் போகும் வழியில் சென்னையில் இறங்கினாள். பாதிரியார் முன்பே எழுதியிருந்ததால் எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வர ஒப்புக்கொண்டாள். என் கணவர் ஒரு வாரம் தூங்கவில்லை. நாற்காலிகளுக்கு மெருகு போட்டார். யானைக்கவுனிக்குப் போய்ப் பீங்கான் கோப்பைகள் வாங்கி வந்தார். நான் கேக் செய்தேன். எதை உடுத்துவது என்று கேட்டதற்கு, எப்போதும் உடுத்துவதையே உடுத்து என்றார். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டேன்.

பாதிரியாருக்கு அன்று ஒரு சவ அடக்கம் இருந்தது. அந்த அம்மாள் தனியாகத்தான் வந்தாள். நல்ல மனுஷி; வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்துத் தன் குடையை என் கையில் கொடுத்தாள். உள்ளே போய் உட்கார்ந்து, உங்கள் ஆயா பார்க்க லட்சணமாக இருக்கிறாள் என்று அவரிடம் சொன்னாள். குடையோடு நான் கதவருகில் நின்றேன். அவர் வாய் திறக்கப் போகிறார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டார்.

நான் போய்த் தேநீர் கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கொடியை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். மிகவும் மெச்சினாள். பிறகு ஒரு பெயரின்மேல் விரலை வைத்தாள். என் கணவரின் கிளை பிரிகிற இடம் அது. இவனை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றாள். கோபுர வீட்டுக்காரருக்கு முறையாகப் பிறந்தவன் இல்லையாம். வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குப் பிறந்தவன். தகப்பனுக்கு அவன்மேல் உயிர் என்பதால், முறையான பிள்ளைக்கு உள்ள உரிமையெல்லாம் இவனுக்கும் உண்டென்று ராஜாவிடம் உத்தரவு வாங்கினாராம். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று என் கணவர் கேட்டார். அதை யார் எழுதி வைக்கப் போகிறார்கள் என்று அவள் சொல்லிவிட்டு, நான் நீட்டிய தட்டிலிருந்து கேக்கை எடுத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளின் வண்டி போனபிறகு கோப்பைகளைக் கழுவினேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீ யாருன்னு சொல்லத்தான் பாத்தேன். வாய் வர்ல" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தமிழில்.

"தெரியும்" என்றேன். "நானும் சொல்லியிருக்கலாம். எனக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனா அது நீங்க சொல்ல வேண்டியது."

நாங்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒருவேளை தேவலையாயிருந்திருக்கும். எண்ணூரில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மாற்றல் வாங்கிக்கொண்டேன். முகத்துவாரக்குப்பத்து மீனவப் பிள்ளைகள் படிக்கும் ஓலைக் கொட்டகை. பக்கத்திலேயே எனக்கு ஓர் அறை. பெட்டியை ஸ்டேஷனுக்கு அவர்தான் தூக்கி வந்தார்.

ஞாயிறுதோறும் ரயிலேறி எண்ணூருக்கு வருவார். கழிமுகத்தில் பிடித்த மீனாகக் குழம்பு வைப்பேன். கையால் பிசைந்து சாப்பிடுவார். மகனைப் பற்றிப் பேசுவோம். அவன் "ரயில்" என்று சொல்ல வராமல் "லயிலு" என்பதை அவர் சொல்லிக் காட்டுவார். சாயங்கால வண்டிக்குப் போய்விடுவார். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தது. கொடியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டதாக ஒருமுறை சொன்னார். இன்னொரு ஞாயிறு, அந்த அம்மாளுக்குக் கடிதம் போட்டுவிட்டேன் என்றார்.

"டீ குடுத்தது என் பெண்சாதின்னு எழுதிக்கீறேன்."

"பதில் வந்துச்சா?"

"வர்ல. வராது." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ வூட்டுக்கு வந்துடு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றேன். அன்று ஸ்டேஷன் வரை அவரோடு நடந்தேன். வண்டியில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சின்னப் பையன் போலக் கையாட்டினார்.

அந்த வாரமே அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் கண்டது. வகுப்பில் இருந்தவளை வந்து கூப்பிட்டார்கள். நான் ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

காசிமேட்டில் மகனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த வரிசை எப்போதோ நிரம்பிவிட்டதாம். காய்ச்சல் வருஷத்துப் பிள்ளைகள் நெருக்கி நெருக்கிக் கிடந்தார்கள். சுவரோரத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. ஒருவரிடம் நின்றுவிட்டு மற்றவரிடம் போக யார் யாருடைய கல்லறைகளையோ சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. முதலில் பிள்ளையிடம் போகிறேன். அவரிடம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் வெயில் ஏறிவிடுகிறது.