பத்திரிகையில் இரண்டாவது பெயர்

ஆன்டெனா கட்டுகிறவனுக்குப் படம் தெரிந்தால் மாப்பிள்ளை மரியாதை, தெரியாவிட்டால் திருட்டுப் பட்டம். எண்பதுகளில் திருத்தணியைச் சுற்றி என்னைப் போல ஓடு மிதித்துத் திட்டு வாங்கிய தோழர்களுக்கு இது புரியும். மெட்ராஸ் டி.வி. அலை எங்கள் பக்கம் வருவதற்குள் பாதி செத்துவிடும். நாற்பதடிக் கம்பம், அலையைக் கூட்டப் பூஸ்டர், அப்புறம் தெய்வத்தின் கருணை.

கல் மனசு

பொதட்டூர்பேட்டையில் வரதய்யா என்ற தறிக்காரர் வீட்டில்தான் தெருவின் முதல் டி.வி. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒரு சிரிப்பு நாடகம் வரும். கோபித்துக்கொண்டு பிரிந்த அப்பனும் வளர்ந்த பிள்ளையும் வாரம் ஒரு அடி நெருங்குவார்கள், அடுத்த வாரம் இரண்டடி விலகுவார்கள். தெருவே சிரிக்கும். வரதய்யா மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அப்பன்னா இப்டியா கல்லு மாதிரி இருப்பான்? புள்ளகிட்ட பேசினா வாய் தேஞ்சா பூடும்?"

அச்சுப் பிழை

அவர் தன் மகன் ஏகாம்பரத்திடம் பேசி மூன்று வருஷமாகிறது என்பதை அவர் மனைவி கனகம்மா காபி கொடுக்கும்போது சொன்னார். மகன் திருத்தணியில் வீடு கட்டினான். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மாமனார் பெயர் முதல் வரியில், பெற்ற அப்பன் பெயர் இரண்டாவது வரியில். அவ்வளவுதான். அதற்கப்புறம் பிறந்த பேரனுக்கு ஒன்றரை வயது. கனகம்மா இன்னும் அவனைத் தூக்கியதில்லை. அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. பிரஸ்காரர் தவறாக அடுக்கியிருப்பார் என்று வரதய்யாவிடம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"ப்ரூஃப் பாத்தவன் இவன்தானே? கண்ணு இன்னா புண்ணா?"

நல்ல அப்பன்

ஏகாம்பரமும் என் வாடிக்கைக்காரன்தான். அவன் வீட்டிலும் செவ்வாய்க்கிழமை அதே நாடகம், அதே கண்ணீர். "அந்தப் புள்ள ஒருவாட்டி போயி நைனான்னு கூப்ட்டா இன்னா?" என்று டி.வி.யைப் பார்த்துக் கோபப்பட்டான். நீயும் போகலாமே என்றேன்.

"நாடகத்து அப்பன் நல்லவன் சார். அதான் அவனுக்கு ஈஸியா கீது."

நாடகத்தின் கடைசி வாரம் ஆடிக் காற்றில் வரதய்யா வீட்டு ஆன்டெனா திரும்பிக்கொண்டது. கம்பத்தைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். ஆள் கிடைக்காமல் கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டான்.

"ஆன்டெனாவுக்குத்தான் வர்றேன். ஆளுக்கு இல்ல."

கடைசி வாரம்

வரதய்யா பார்த்துக்கொண்டிருக்கவே ஏகாம்பரம் நேராகப் பின்பக்க ஏணியில் மாடிக்குப் போய்விட்டான். கூடத்தில் தெரு முழுக்க உட்கார்ந்திருக்கிறது, டி.வி.யில் வெறும் புள்ளி. வரதய்யா என் காதில், "கெழக்கால திருப்பச் சொல்லு" என்பார். நான் ஜன்னல் வழியாகக் கத்துவேன். மேலேயிருந்து பதிலும் எனக்கே வரும். நாலைந்து தடவைக்கு மேல் எனக்கு எரிச்சலாகிவிட்டது. தொண்டை கட்டிவிட்டது, நீங்களே சொல்லுங்கள் என்று உட்கார்ந்துகொண்டேன்.

நாடகம் ஆரம்பித்து வசனம் மட்டும் கேட்டது. கூட்டம் முணுமுணுத்தது. வரதய்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

"இன்னும் கொஞ்சம்... ஆங், நிறுத்து. டேய் ஏகாம்பரம், ஓரமா நிக்காத, உழுந்து தொலைக்கப் போற."

மேலே கால் உள்ளே நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நைனா."

"புள்ளைய எங்க வுட்டுட்டு வந்த?"

"வீட்ல கீறான் நைனா."

"காலைல இட்டுகினு வா. ஒங்கம்மா ஏங்கிகினு கீறா."

கனகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். படம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்த சந்தோஷத்தில் முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் கோபமாகத் திரும்பினார்.

"இன்னாய்யா இது, அப்பனும் புள்ளையும் ஒண்ணு சேர்ற நேரத்துல நடுவுல கத்திகினு? ஒரு வசனமும் கேக்கல."

குடும்பம் சேர்ந்த பெருமையெல்லாம் நாடகம் எழுதினவருக்குப் போயிற்று, எனக்கு அடுத்த வாரமே வரதய்யாவிடமிருந்து படம் ஆடுகிறது என்ற புகார் வந்தது.