ஐம்பத்தாறு வயதில் முதல் கச்சேரி

பாட்டு டீச்சர் பன்னிரண்டு வருஷம் முறையாகச் சங்கீதம் படித்தவர். படித்தது மேடைக்காக. பிழைத்தது என்னவோ மேடையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும்.

முதல் வேலை, ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குக் குரல் கொடுப்பது. "கதவு மூடுகிறது" என்று இரண்டே வார்த்தை. டீச்சர் அதை உணர்ச்சியோடு இழுத்துச் சொன்னதில், சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு மாடி ஏறிவிட்டிருந்தது. அடுத்தது, டிவி சீரியல்களில் நடிகைகளுக்குப் பதிலாக அழுவது. நன்றாகத்தான் அழுதார். டைரக்டர்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, அழுகையில சுருதி சேருது. கொஞ்சம் கலைச்சு அழுங்க."

கலைத்து அழ டீச்சருக்கு வரவில்லை. அந்த வேலையும் போயிற்று. பிறகு காய்கறி மார்க்கெட்டில் தொண்டை கட்டிப்போன ஏலக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து மூச்செடுக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த மனுஷர் கெட்டிக்கார மாணவர். ஒரே மூச்சில் ஏலத்தை முடிக்க ஆரம்பித்துவிட்டார். வியாபாரிகளுக்கு விலை கேட்க இடுக்கே கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம்.

இத்தனைக்கும் நடுவில், முப்பது வருஷமாக, சாயங்காலமானால் வீட்டு முன்னறையில் வகுப்பு. டீச்சர் ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். மாணவர்கள் திருப்பிப் பாடுவார்கள். எங்காவது பிசகினால் டீச்சர் தன் தொடையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவார். "மறுபடி."

கச்சேரி மட்டும் வாய்க்கவேயில்லை. ஒருமுறை பிரசவம், ஒருமுறை மஞ்சள் காமாலை, ஒருமுறை மண்டபத்தின் கூரையே ஒழுகியது. யாராவது கேட்டால், "அதுக்கென்ன, சொல்லிக்கொடுக்கறதும் பாடறதுதானே" என்பார். பச்சைப் பொய். ஒரே ஒரு தடவையாவது, யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், இரண்டு மணி நேரம் தனக்காகப் பாடிவிட வேண்டும் என்ற ஆசை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஐம்பத்தாறு வயதில், நூலகத்து அரங்கு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணி வரை.

அதற்கு முந்தின வாரம் வீட்டில் பாடிப் பார்த்தபோது கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பஸ்ஸில் பயணியாகப் போனாலும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

"ஒவ்வொரு வரிக்கும் ஏன் நிறுத்துறே?" என்றார்.

"நான் எங்கங்க நிறுத்தினேன்?"

"உனக்கும் என்னை மாதிரி பக்கத்து சீட்டுலயே உக்காந்து பழகிப்போச்சு. இப்ப ஸ்டியரிங் உன் கையில. ஞாபகம் வெச்சுக்கோ."

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் முன் மூன்று வரிசையும் மாணவர்கள், எட்டு வயது முதல் எழுபது வரை. டீச்சர் முதல் வரியைப் பாடினார். பாடிவிட்டு, பழக்கதோஷம், நிறுத்தினார். மூன்று வரிசையும் ஒரே குரலில் திருப்பிப் பாடின. வயலின்காரர் வெளியூர்க்காரர், பாவம். வில்லைத் தூக்கியபடி திருதிருவென்று முழித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டீச்சர் கண்ணை உருட்டிவிட்டு இரண்டாம் வரிக்குப் போனார். நிறுத்தினார். மறுபடியும் கோரஸ்.

மைக்கிலேயே சொல்லிவிட்டார். "யாரும் வாயத் திறக்கக் கூடாது. இது கிளாஸ் இல்ல."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் வரியைப் பாடி, நிறுத்தினார். நாலு எண்ணும் நேரம் அரங்கில் ஈ பறந்தால் கேட்கும் அமைதி. குற்றம் முன்வரிசையின் மேல் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருஷமாகக் காத்திருந்த மேடை, மூன்றே வரியில் கைநழுவிப் போவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

போகவில்லை. பாட்டைத்தான் அங்கேயே விட்டார். வரி என்று ஒன்று இருந்தால்தானே வரிக்கு வரி நிற்க வேண்டும்? வார்த்தையே இல்லாமல், வெறும் ராகத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வயலின்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்து எங்கே போகப்போகிறார் என்று மாணவர்களுக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. அது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

உச்சிக்கு ஏறும்போது ஓரிடத்தில் குரல் வழுக்கிப் பக்கத்து ஸ்வரத்தில் போய் விழுந்தது. தொடையைத் தட்டக் கை எழுந்தது. பாதி வழியில் அந்தக் கையை விரித்து மேலே தூக்கி, விழுந்த இடத்திலிருந்தே பாடிக்கொண்டு போனார். மணி ஆறாகிவிட்டதை நூலகர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

எல்லோரும் கலைந்தபின் ஒரு பல் டாக்டர் மேடையருகே வந்தார். பதினெட்டு வருஷ மாணவர். அவரைத் தப்புக்காக டீச்சர் நிறுத்தாத நாள் கிடையாது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். ஆனா மேல போறப்போ ஓரிடத்துல தப்பு வந்துச்சு. நீங்க நிறுத்தவே இல்லையே?"

டீச்சர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பாடினா தப்பு வரத்தான் செய்யும்," என்றார்.