ரெண்டு கிலோ ஏறாத மகளுக்கு நான் போட்ட காவல்

மச்சானை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்!

பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணனை! என் பிள்ளைக்குத் தாய்மாமனை!

(அடி விழவில்லை. விழுந்திருக்கும்.)

எழுபதுகளில் நடந்தது. நான் அப்போது செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம் ரூட்டில் பஸ் கண்டக்டர். படிப்பு ஒன்பதாவது. (பத்தாவதில் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.)

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். தராசில் வைத்தார்கள். முள் ரெண்டு கிலோவைத் தொடாமலே நின்றுவிட்டது.

"கொறமாசமா டாக்டரம்மா?"

"இல்லப்பா, மாசம் நெறஞ்சுதான் பொறந்திருக்கா. உங்க சம்சாரத்துக்கு பிரஷர் இருந்துதில்ல? அதனால சத்து சரியாப் போகல, வயித்துக்குள்ளயே வளர்ச்சி கொறஞ்சிடுச்சு."

"நல்லா பால் குடிச்சா எடை ஏறிடும் இல்லீங்களா?"

"எடை ஏறும். என் பயம் அது இல்ல. இந்த மாதிரி குழந்தைங்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தியும் கொறச்சலா இருக்கும். உங்களுக்குத் தும்மலோட போறது, இவளுக்கு நிமோனியாவுல முடியலாம்."

எங்கள் தெருவில் போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளையை அந்தப் பெயர்தான் கொண்டுபோயிருந்தது. அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

டாக்டரம்மா சொன்னதை மனப்பாடம் செய்தேன். தாய்ப்பால் மட்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. நாக்கில் தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. சளி பிடித்தவர் கிட்டே வரக் கூடாது. சோப்பு போட்டுக் கை கழுவாமல் யாரும் தொடக் கூடாது.

(பள்ளிக்கூடத்தில் இந்த ஞாபகசக்தி எங்கே போயிருந்தது?)

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு நான்!

மகாபலிபுரத்தில் டீக்கடை வைத்திருந்த மச்சான், டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் தாய்மாமன் அதைத் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அவர் குணம் பிள்ளைக்கு வருமாம். (அதற்காகவே தடுத்திருக்கலாம்.)

படியேறும்போதே ரெண்டு தும்மல்.

"மச்சான், அங்கியே நில்லு!"

"இன்னா மாப்ள, வெளாட்றியா? வழி வுடு."

"சளி போனப்புறம் வா. சர்க்கரத் தண்ணிய நீயே குட்ச்சிடு."

"என் தங்கச்சி வூட்ல எனக்கே தடையா!"

தெரு கூடிவிட்டது. நான் நகரவில்லை. மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ரொம்ப சட்டம் பேசுறியே, நீ இன்னா பண்ற? நாள் பூரா எச்சி தொட்டு டிக்கெட் கிழிக்கிற. ஊர்ல கீற அத்தினி பேர் சில்லறையும் உன் கையில. அந்தக் கையாலதானே புள்ளையத் தூக்குற?"



எல்லோருக்கும் வாளியைக் காட்டிய நான், டூட்டி முடிந்து வந்ததும் நேரே போய் மகளைத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரனும் கை கழுவ வேண்டும் என்று இந்த மண்டையில் உறைக்கவே இல்லை.

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "அண்ணன் கேக்குறது ஞாயந்தானே? மொதல்ல நீ கழுவு!"

மச்சான் டம்ளரோடு திரும்பி நடந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து ஒரு சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டு, அதில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழித்தேன்.

"இன்னா கண்டக்டரே, நாக்க வாடகைக்கு வுட்டுட்டியா?" என்றார் ஒரு பயணி. பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும்! வீட்டுக்கு வந்தால் காக்கிச் சட்டை வெளிக்கொடியில், நான் கொல்லைப்புறத்தில், குளித்த பிறகுதான் மகள்.

அப்படியும் மழை பிடித்ததும் எனக்கே காய்ச்சலும் இருமலும் வந்தன.

வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. ஷெட்டில் பஸ் சீட்டிலேயே படுத்துக்கொண்டேன். சாயங்காலமானால் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே தெருவில் போய் நிற்பேன். மனைவி பழம்புடவையில் சுற்றிய மகளைத் தூக்கிக் காட்டுவாள். மூக்கு தெரியும். மூச்சு ஒழுங்காக விடுகிறாளா என்று அங்கிருந்தே கண்ணை இடுக்கிப் பார்ப்பேன்.

ஒருநாள் ஜன்னலில் மனைவி இல்லை.

"புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்று கத்திவிட்டேன்.

ஜன்னலில் மச்சான் தலை தெரிந்தது! சளி போய், டம்ளர் இல்லாமல், முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். மடியிலிருந்து என் மகளைத் தூக்கிக் காட்டினார். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கொட்டாவி வேறு!

"மாப்ள, வண்டி ஃபுல்லு! அடுத்த வண்டியில வா!" என்றார் மச்சான்.

சிரித்துவிட்டேன். சிரித்ததில் இருமல் வந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் நாலடி பின்னால் தள்ளி நின்றேன், மழையில்.

(இந்தப் பதிவுக்கு முதல் லைக் யார் போடுகிறார் என்று பாருங்கள். தராசில் ரெண்டு கிலோ ஏறாத அந்த அம்மாள்தான்!)